நெளிசல் இல்லாத குடம்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் இரண்டு பிள்ளைகள் நான் வேலை செய்யும் துணிக்கடைக்கு வந்து, கண்ணாடிக் கதவில் ஒரு சுவரொட்டி ஒட்டலாமா என்று கேட்டார்கள். முதலாளி சாமி படங்களுக்குச் சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமலே தலையாட்டினார். பிள்ளைகள் கோணலாக ஒட்டிவிட்டுப் போக, நேராக ஒட்டுவோமே என்று நான் எழுந்து போனேன். போகாமல் இருந்திருக்கலாம்.

சுவரொட்டியில் வெடித்துப் பிளந்த தரையில் ஒரு குடம். எங்கள் ஊவா மலைநாட்டில் எங்கே தரை அப்படி வெடிக்கிறது என்று முதலில் ஒரு குற்றம் கண்டுபிடித்தேன். பிறகு எழுத்துகளைப் படித்தேன். தோட்டத்துத் தண்ணீர்ப் பஞ்சத்தையும் சாதியையும் பற்றிய படமாம். சனிக்கிழமை பிற்பகல் பதுளை மண்டபத்தில் காட்டுகிறார்களாம், வந்தவர்களோடு இயக்குநர் கலந்துரையாடுவாராம். எழுத்தும் இயக்கமும் மகேஸ்வரி. பக்கத்திலேயே சின்னதாக அவள் படம். நாற்பது வருடத்துக்கு அப்புறமும் அந்தக் கண்ணைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நொடிகூட ஆகவில்லை. வயிறு எரிய ஆரம்பித்ததும் அந்த இரண்டு நொடிக்குள்தான்.

உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? நான் பொறாமைக்காரி. எல்லோரையும் பார்த்துப் பொறாமைப்படுகிற அளவுக்கு எனக்கு நேரம் இல்லை, அதனால் சிறு வயதிலேயே மகேஸ் ஒருத்தியை எடுத்துக்கொண்டு அவள்மேலேயே முழுவதையும் செலவழித்தேன். அவளுக்கு இடுப்புக்குக் கீழே முடி. வாசிக்கச் சொன்னால் மணி அடித்த மாதிரிக் குரல். ஒருமுறை அவளுக்குக் கன்னம் வீங்கிக் கூவக்கட்டு வந்து பத்து நாள் பள்ளிக்கூடம் வராமல் இருந்தாள், அதற்குக்கூடப் பொறாமைப்பட்டேன். பெரியவளான பிறகு நானும் எழுதினேன், சும்மா இருக்கவில்லை. வானொலிக்கு ஒரு கவிதை அனுப்பினேன். வாசித்தார்கள், என் பெயரைத் தப்பாகச் சொல்லி. அவ்வளவுதான் என் கலை வாழ்க்கை. இவள் என்னடா என்றால் படமே எடுத்துவிட்டாள், அதுவும் எங்கள் தோட்டத்துத் தண்ணீர்ப் பீலியை வைத்து.

அன்று முழுக்க வேலையில் மனம் இல்லை. உள்பாவாடைத் துணி கேட்டவருக்குத் திரைச்சீலைத் துணியைக் கிழித்துவிட்டேன். புதுத் துணி கிழியும்போது ஒரு சத்தம் வரும், கூடவே கஞ்சி வாசம் ஒன்றும் வரும். இருபத்தாறு வருடமாகக் கேட்கிற சத்தம்தான், ஆனால் அன்றைக்கு அது என்னை நேராக மடுல்சீமைக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் எங்கள் காம்பரா வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. அம்மா பழைய சேலையில் ஒரு விரல் அகலத்துக்குத் துணி கிழித்துக் குடத்தின் கழுத்தில் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

அது எதற்கு என்று சொல்ல வேண்டும். வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளைத் தோட்டத்தில் லயம் என்போம், எங்களுடையது மேட்டு லயம். கீழே இருந்தது பணிய லயம். இரண்டிலும் ஒரே அளவுக் காம்பரா, ஒரே தகரக் கூரை, மழை வந்தால் ஒரே ஒழுக்கு. காலையில் எல்லோரும் ஒரே பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, ஒரே மலையில் ஏறி, நிரையில் அடுத்தடுத்து நின்று கொழுந்து பறித்தார்கள். சாதிப் பெயரை யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். "பணிய லயத்து ஆளுங்க" என்றால் போதும், பிறந்த குழந்தைக்கும் புரியும்.

இரண்டு லயத்துக்கும் தண்ணீர் ஒரே ஊற்றிலிருந்துதான். மலையில் ஊறி வருவதைத் தகரம் வைத்துத் திருப்பி விழவைத்திருந்தார்கள். அதுதான் பீலி. எங்களுக்கு மேல் பீலி, அவர்களுக்குக் கீழ் பீலி. மழைக் காலத்தில் ஒரு வம்பும் இல்லை. ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசத் தொடங்கினால் கீழ் பீலி நின்றுவிடும். மேல் பீலி மட்டும் சுண்டு விரல் கனத்துக்கு விழும். அப்போது அவர்கள் எங்கள் பீலிக்கு வர வேண்டும். வந்தாலும் பிடிக்க முடியாது. பத்தடி தள்ளி ஒரு தட்டைக்கல் இருந்தது. குடத்தை அதில் வைத்துவிட்டு விலகி நிற்பார்கள். எங்கள் குடம் நான்கு நிறைந்தால் அவர்களுடையது ஒன்று. எங்களில் ஒருவர் வாளியில் பிடித்துப் போய் உயரத்திலிருந்து ஊற்ற வேண்டும். வாளி குடத்தில் படக்கூடாது. விழுகிற தண்ணீர் வழியாகவே தீட்டு வாளிக்கு ஏறிவிடுமாம், அதனால் முடிக்கும்போது சட்டென்று கையை உதறித் தண்ணீரை வெட்டி நிறுத்துவோம். அந்த வெட்டை நான் ஒன்பது வயதில் கற்றுக்கொண்டேன். ஒரு சொட்டு சிந்தாமல் வெட்டுவேன், பெண்கள் பாராட்டுவார்கள். எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

நான் அப்படி ஊற்றிய குடங்களில் ஒன்று மகேஸ் வீட்டுக் குடம். பள்ளிக்கூடத்தில் நாங்கள் ஒரே வாங்கில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்காருவோம். பீலிக்கு வந்தால் அவள் கல்லுக்கு அந்தப்பக்கம் நிற்பாள், நான் ஊற்றுவேன். இரண்டு பேருமே அதைப் பற்றிப் பேசியதில்லை.

ஒரு தீபாவளிக்குத் தோட்டத்தில் குடும்பத்துக்கு ஒரு அலுமினியக் குடம் கொடுத்தார்கள். மேட்டு லயம், பணிய லயம் என்று பார்க்காமல் எல்லாம் ஒரே அச்சு. கொடுத்தவர்களுக்குத் தெரியாது, எங்களுக்கு அது எவ்வளவு பெரிய தலைவலி என்று. குடம் மாறிவிட்டால் என்ன செய்வது? மேட்டு லயத்துப் பெண்கள் கூடிப் பேசி, எங்கள் குடங்களின் கழுத்தில் துணி கட்டுவது என்று முடிவு செய்தார்கள். எங்கள் குடத்துக்கு அது தேவையே இல்லை. வந்த வாரமே நான் படியில் போட்டு, வயிற்றில் ஒரு பெரிய நெளிசல் வாங்கிவைத்திருந்தேன். இருந்தாலும் அம்மா கட்டினாள்.

எங்களுக்குப் பதினொரு வயது நடந்த ஆடி மாதம். பள்ளிக்கூடம் விட்டு வந்து இரண்டு பேரும் தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்புகிறோம். பாதை பிரிகிற இடத்தில் ஒரு டர்பன்டைன் மரம், அதன் கீழே குடத்தை இறக்கி வைத்துவிட்டு அஞ்சாங்கல் ஆடுவது எங்கள் வழக்கம். அன்றைக்கு மகேஸின் பின்னல் அவிழ்ந்துவிட்டது. ரிப்பன் எங்கேயோ விழுந்துவிட்டது.

"அந்தத் துணியக் குடுடி, கட்டிக்கிட்டு நாளைக்குத் தாறேன்" என்றாள்.

குடத்தின் கழுத்திலிருந்து அவிழ்த்து நானே பின்னலில் கட்டிவிட்டேன். பழைய சேலையின் மஞ்சள் கிழிசல்தான், அவள் முடியில் அது பட்டு ரிப்பன் மாதிரி இருந்தது. எனக்கு எரிச்சலாகிவிட்டது. "நேரமாச்சு, போறேன்" என்று முன்னால் நின்ற குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு விறுவிறு என்று நடந்துவிட்டேன்.

குடத்தை அடுப்படியில் இறக்கியதும் அம்மா ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். நெளிசல் இல்லை. என்னைப் பார்த்தாள். எனக்கும் அப்போதுதான் புரிந்தது. வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் அப்பா தேயிலைக் கவ்வாத்து வெட்டிவிட்டு வந்து, மண்ணும் வியர்வையுமாக உட்கார்ந்திருந்தார். பீலியில் அடுத்த முறை எங்களுக்கு மறுநாள்தான். அம்மா கேத்தலை எடுத்து அந்தக் குடத்திலிருந்து ஊற்றி அடுப்பில் வைத்தாள். கொதித்ததும் தேயிலைச் சாயம் ஊற்றி, கடித்துக் குடிக்கச் சீனியும் எடுத்து அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு, "இன்னைக்கு சாயம் நல்லாருக்கே" என்றார். அம்மா உள்ளே வந்து எனக்கும் ஒரு கோப்பை ஊற்றினாள், தானும் குடித்தாள். பிறகு சேலையில் புதிதாக ஒரு துண்டு கிழித்து அந்தக் குடத்தின் கழுத்தில் கட்டினாள்.

"வெளிய வாயத் தொறந்த, தோல உரிச்சிருவேன்."

அம்மா புரட்சிக்காரி எல்லாம் இல்லை. மாரியம்மனுக்கு விரதம் இருப்பாள், அப்பாவின் அக்கா சொல்லுக்குப் பயப்படுவாள். ஆனால் அதற்கப்புறம் மகேஸ் வீட்டுக் குடம் கல்லில் இருந்தால், ஊற்ற அவளே போனாள். நெளிசல் இருந்த அந்தக் குடம் எங்கள் குடம்தான். கழுத்து வரை ஊற்றினாள். உதறி வெட்டவில்லை, மெதுவாகச் சாய்த்து நிறுத்தினாள். மகேஸின் அம்மா எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். நெளிசலை அந்தப் பெண் கவனித்திருக்க மாட்டாளா என்ன? இப்படியே பதினொரு நாள் போயிற்று.

பன்னிரண்டாவது நாள் பள்ளிக்கூடத்தில் பசறை நகரில் நடக்கும் பேச்சுப் போட்டிக்கு ஆள் எடுத்தார்கள். நான் தேயிலைச் செடிகளுக்கு முன்னால் நின்று பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போயிருந்தேன். மகேஸ் முதல் நாள்தான் மனப்பாடம் செய்தாள். எங்கள் டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "மகேஸ்வரி போகட்டும். உமக்கு அடுத்த முறை பாப்பம்" என்றார். அவர் அதைக் கொஞ்சம் கடுமையாகச் சொல்லியிருந்தாலாவது அவர்மேல் கோபப்பட்டிருப்பேன். அன்பாகச் சொல்லித் தொலைத்தார்.

வீட்டுக்கு வந்தேன். எங்களுக்கு அடுத்த காம்பராவில் அப்பாவின் அக்கா இருந்தார், லயத்துக்கே தீட்டு, துடக்கு பார்த்துச் சொல்கிற அத்தை. அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவராக ஒன்றும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

"அத்தே, எங்க வீட்டுக் கொடத்த நல்லாப் பாத்தீங்களா? அதுல நெளிசலே இல்ல."

அவ்வளவுதான் சொன்னேன். மகேஸ் பெயரைக்கூட எடுக்கவில்லை. அத்தை முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். நெளிசல் குடம் எந்த வீட்டிலிருந்து கல்லுக்கு வருகிறது என்று பார்க்க அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை.

ஐந்து மணிக்குப் பீலிக்கரையில் எல்லோரும் கூடிவிட்டார்கள். எங்களுடைய லயம் மேலே, அவர்கள் கல்லுக்குக் கீழே. லயத்துப் பெரியவர் ஒருவர், கோயில் காரியமெல்லாம் அவர்தான் பார்ப்பார், அம்மாவை முன்னால் வரச் சொன்னார்.

"எத்தன நாளா இந்தக் கொடம் ஒன் வீட்ல பொழங்குது?"

பதினொரு நாள் என்று அம்மா உண்மையைச் சொல்லியிருந்தால், எங்கள் குடும்பத்துக்கும் பீலி இல்லை. கோயில் இல்லை, நல்லது கெட்டதுக்கு ஆள் இல்லை. அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அம்மா என்னை ஒருமுறை பார்த்தாள்.

"தெரியாதுங்க. இப்பத்தான் பாத்தேன்."

"அப்ப ஒங் கையாலயே நசுக்கு."

அம்மா குடத்தைத் தட்டைக்கல்லில் படுக்க வைத்தாள். இரண்டு கையாலும் ஒரு கருங்கல்லைத் தூக்கிப் போட்டாள். மூன்று முறை. அலுமினியம் நசுங்குகிற சத்தம் பெரிதாக ஒன்றும் இருக்காது, கேட்டவர்களுக்கு மறக்காது. மகேஸ் என் மஞ்சள் துணி கட்டின பின்னலோடு கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மழை வரும்வரை மகேஸ் வீட்டுக்குக் கல்லில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று தீர்ப்பு ஆயிற்று. அவர்கள் கீழே ஆற்றுக்கு இறங்கி ஏற வேண்டும். ஒரு குடத்துக்கு ஒரு மணி நேரம். போட்டி நடந்த நாளும் மகேஸ் ஆற்றுக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஈரப் பாவாடையோடுதான் பசறைக்குப் பஸ் ஏறினாள். அப்படியும் முதல் பரிசு அவளுக்கே. அதற்கும் நான்தான் பொறாமைப்பட்டேன்.

அம்மா என்னை அடிப்பாள் என்று இரண்டு நாள் காத்திருந்தேன். அடிக்கவில்லை. ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டே ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஒனக்கு என்னாடி கொறச்சல்?"

மறுபடி அதைக் கேட்கவில்லை. ஆனால் நசுங்கின குடத்தை எடுத்து வந்து விறகுக்குப் பின்னால் வைத்திருந்தாள். நாங்கள் பதுளைக்குக் குடி வந்தபோது அதையும் மூட்டையில் கட்டிக்கொண்டாள். இங்கே அதுதான் எங்கள் தண்ணீர்ப் பீப்பாய்க்கு மூடியாக இருந்தது. அவள் போய் ஆறு வருடமாகிறது. அடுத்த வருடமே தெருவில் பழைய சாமான்காரன் கூவிக்கொண்டு வந்தான். அந்த மூடியைத் தினமும் தூக்கித் தண்ணீர் மொள்ள எனக்குப் பிடிக்கவில்லை. கொடுத்துவிட்டு ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் பேசின் வாங்கிக்கொண்டேன்.

படம் காட்டின சனிக்கிழமைக்கு வருகிறேன். இருப்பதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு நாலாவது வரிசையில் போய் உட்கார்ந்தேன். குற்றம் கண்டுபிடிக்கத்தான் போனேன், ஒப்புக்கொள்கிறேன். படம் நன்றாக இருந்தது. கச்சான் காற்றில் தகரக் கூரை அடிக்கிற சத்தம்கூட அப்படியே இருந்தது. அதில் ஒரு சிறுமி இருந்தாள், பின்னலில் மஞ்சள் துணியோடு. என்னைத் தேடிக்கொண்டே இருந்தேன். நான் எங்கேயும் இல்லை. துணி கொடுத்தவளாகவும் இல்லை, காட்டிக்கொடுத்தவளாகவும் இல்லை. ஆனால் அம்மா இருந்தாள். இரண்டு பக்கமும் மூக்குத்தி, அதே ஒல்லிக் கை. குடம் மாறியதைக் கண்டுபிடித்து, ஊரைக் கூட்டி, சிறுமியின் கண் முன்னால் கல்லைத் தூக்கிப் போடுகிறாள். எனக்குப் பின்னால் இருந்த பையன் ஒருவன் பக்கத்திலிருந்தவனிடம், "இவளெல்லாம் ஒரு பொம்பளையா?" என்றான். எழுந்து அவன் சட்டையைப் பிடிக்கலாம் போலிருந்தது. பிடித்து என்ன சொல்வது?

விளக்குகள் எரிந்ததும் கருத்துச் சொல்லச் சொன்னார்கள். நான் கையைத் தூக்கினேன். மைக் என் கைக்கு வந்தது. அந்த அம்மா கண்டுபிடித்துச் சொல்லவில்லை, அந்தத் தண்ணீரில் பதினொரு நாள் சமைத்தவள் அவள், சொன்னது நான். இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. வாயைத் திறந்தேன்.

"படத்துல பித்தளைக் கொடம் காட்டுறீங்க. அந்தக் காலத்துல எங்க தோட்டத்துல அலுமினியக் கொடந்தான் இருந்துச்சு."

மண்டபத்தில் யாரோ சிரித்தார்கள். மேடையிலிருந்து மகேஸ் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். பிறகு மைக்கை வைத்துவிட்டு இறங்கி வந்தாள். அந்த முடியைக் கழுத்தோடு வெட்டிவிட்டிருந்தாள், அதை நான் எவ்வளவு வருடம் நினைத்து ஏங்கினேன் என்று தெரியாமல்.

"நீதானேடி! எனக்குத் தெரியும், இப்பிடிக் குத்தம் சொல்ல உன்னையவிட்டா யாரு இருக்கா?" என்று கட்டிக்கொண்டாள். "நீ சொல்றதுதான் சரி. பித்தளையா இருந்தாத்தான் மின்னும்னு கேமராக்காரரு சொல்லிட்டாரு. ஒங்க வீட்டு அலுமினியக் கொடம் இன்னும் எங்கிட்ட இருக்கு தெரியுமா? அந்த நெளிசலோட அப்பிடியே இருக்கு. எங்கம்மா சாகுற வரைக்கும் அதைத் தூக்கிப் போட விடல. ஏன்னு கேட்டா சொல்லவும் மாட்டாங்க."

நான் என் பேசினை நினைத்துக்கொண்டேன்.

"ஒங்கம்மா எப்பிடி இருக்காங்க?"

"போய்ச் சேந்துட்டாங்க. ஆறு வருசமாச்சு."

அவள் முகம் மாறிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடடா. நேர்ல பாத்து, நான் ஒங்கள மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லணும்னு இருந்தேன். மனசுல அது ரொம்ப நாளாக் கெடந்துச்சு."

நான் "ம்" என்றேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றும் சொன்னேன். என் வீடு அங்கிருந்து நடக்கிற தூரம்தான். அவள் தன் விலாச அட்டையை என் கைப்பையில் அவளே போட்டுவிட்டாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்கு வந்தது அழுகை இல்லை, பொறாமைதான். இந்த முறை மகேஸ்மேல் இல்லை, அம்மாமேல். எனக்கு வர வேண்டிய மன்னிப்பு, அதுவும் கேட்காமலே கொடுத்த மன்னிப்பு, ஒரு தப்பும் செய்யாதவளுக்குப் போய்விட்டதே என்று இருந்தது. என் லட்சணம் இது.

அடுத்த ஞாயிறு மடுல்சீமைக்குப் பஸ் ஏறினேன். மேட்டு லயத்தில் பாதிக் காம்பராக்களுக்குக் கூரை இல்லை. அத்தை இருந்த காம்பராவில் யாரோ மாடு கட்டியிருக்கிறார்கள். பீலி இருந்த இடத்தில் தகரமும் இல்லை, ஈரமும் இல்லை. ஊற்றை மேலேயே மறித்து, கறுப்புக் குழாயில் எங்கோ கொண்டுபோகிறார்கள். தட்டைக்கல்லைத் தேடினேன். பாதை அகலமாக்கும்போது பெயர்த்து எடுத்திருப்பார்கள் என்று அங்கே விறகு பொறுக்கிய ஒரு பெண் சொன்னாள். "எந்தக் கல்லுங்க?" என்றுதான் முதலில் கேட்டாள். அவளுக்கு அப்படி ஒரு கல் இருந்ததே தெரியாது. அது நல்லதுதான். டர்பன்டைன் மரமும் இல்லை.

இனி இதைத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நான் வாயை மூடிக்கொண்டால் படத்தில் இருக்கிற அம்மாதான் அம்மா. அதனால் இதை எழுதி முடித்ததும் முதல் பிரதியை அந்த அட்டையில் உள்ள விலாசத்துக்கு அனுப்பப் போகிறேன். அவள் இதையும் படமாக எடுத்து இன்னும் பெயர் வாங்குவாள், எனக்குத் தெரியும். வாங்கட்டும், எரிந்துகொண்டே பார்க்கிறேன். ஆனால் மகேஸ், அதில் அத்தை பக்கத்தில் போய் உட்காருகிற பெண்ணைக் காட்டு. அவளுக்கு என் பெயரையே வை, தப்பில்லாமல் சொல்லச் சொல். அதற்கு முன்னால் அம்மா கேத்தல் வைப்பதையும் காட்டு. உங்கள் வீட்டுக் குடத்துத் தண்ணீரில் சாயம் ஊற்றி எங்கள் வீட்டில் மூன்று பேர் குடித்தோம். குடித்தவர்களில் இரண்டு பேர் போய்விட்டார்கள். அப்பா சொன்னது சரிதான், அன்றைக்குச் சாயம் நன்றாகவே இருந்தது.